உஷார்! வாளையாரில் விடும் மீன் வாளையாரில் நிற்காது

வாளையார் அணையில் தூண்டில் பிரியர்களுக்காகப் புதிதாக ஒரு மீன் விடலாம் என்று யாராவது உங்களிடம் வந்து சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். எட்டுக் கிலோ, பத்துக் கிலோ வளரும், தூண்டிலை இழுத்துக்கொண்டு ஓடும், வார இறுதியில் கோவையிலிருந்து கூட்டம் வரும், டீக்கடைக்கும் பரிசல்காரருக்கும் நாலு காசு கிடைக்கும் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஷட்டரைத் திறந்தால் அந்த மீன் எங்கே போகும்?”

பதில் சொல்லத் தடுமாறினால் அந்தத் திட்டத்தை அங்கேயே நிறுத்த வேண்டியதுதான்.

1964-ல் வேலை முடிந்த இந்த அணை பெரிய அணை அல்ல. நீர்ப்பரப்பு 300 ஹெக்டேருக்கும் குறைவு. ஆயிரம் ஹெக்டேருக்குக் கீழே இருப்பதெல்லாம் மீன்வளக் கணக்கில் சிறு நீர்த்தேக்கம். சிறியதுதானே, ஒரு மீனை விட்டுப் பார்த்து ஒத்துவராவிட்டால் பிடித்துவிடலாம் என்று தோன்றும். ஆபத்து ஆரம்பிப்பதே இந்த நினைப்பில்தான். வாளையாறு கோரையாற்றோடு சேர்கிறது. கோரையாறு கல்பாத்திப் புழைக்குப் போகிறது, நம்மவர்கள் தேர் பார்க்கப் போகும் அதே கல்பாத்தி. பறளியில் அது கண்ணாடிப் புழையோடு கூடிப் பாரதப்புழையாகிறது. பிறகு ஒற்றப்பாலம், ஷொரணூர், குற்றிப்புறம், கடைசியில் பொன்னானியில் கடல். இன்று வாளையாரில் பாலித்தீன் பையை அவிழ்த்து விடுகிற மீன்குஞ்சுக்கு இத்தனை ஊரும் திறந்த வழி. நடுவில் சோதனைச் சாவடி கிடையாது. லாரிக்குத்தான் வாளையாரில் சாவடி!

பாரதப்புழையில் என்ன இருக்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2013-ல் பிஜுகுமார், ராஜீவ் ராகவன் முதலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட பட்டியலில் 117 மீன் இனங்கள். அவற்றில் 28 மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்கெனவே அழிவின் விளிம்புப் பட்டியலில் ஏதோ ஒரு படியில் நிற்பவை. மணல் அள்ளியும், அணை கட்டியும், கரைமரம் வெட்டியும் நாம் இளைக்க வைத்த ஆறு இது. மிச்சமிருப்பதைத் தின்ன ஒரு புது வாயை அனுப்பினால் என்ன ஆகும்?

“எங்கேயோ நடப்பதை இங்கே சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்” என்பார்கள். கேரளத்திலேயே நடந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளம் வடிந்த பிறகு ஆறுகளில் வலை போட்டவர்களுக்கு அதுவரை கண்டிராத மீன்கள் கிடைத்தன. சாலக்குடி ஆற்றில் அரபைமா. அமேசான் காட்டு மீன், ஆளுயரத்தையும் தாண்டி வளரக்கூடியது. முதலைபோல நீண்ட மூக்குள்ள அலிகேட்டர் கார் என்கிற வட அமெரிக்க மீனும் கிடைத்தது. மறு ஆண்டு கரண்ட் சயின்ஸ் இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. இந்த மீன்கள் மழையோடு வானத்திலிருந்து விழவில்லை. யாரோ குளத்திலும் தொட்டியிலும் திருட்டுத்தனமாக வளர்த்தவை. வெள்ளம் கரையைத் தாண்டியதும் கிளம்பிவிட்டன. உலகெங்கும் தூண்டில்காரர்கள் காசு கொடுத்துத் தேடிப் போகிற மீன்கள் இவை இரண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

அணையிலிருந்து மீன் தப்பிப்பது எப்படி என்று பலருக்கும் தெரியாது. உபரிநீர் மேலே வழியும்போது மேல்மட்டத்தில் திரியும் மீன்கள் அதோடு போகும். இது எல்லோரும் பார்த்திருப்பதுதான். ஷட்டர் திறந்த நாளில் கீழே வலையோடு காத்து நிற்கிற கூட்டத்தைக் கேட்டால் கட்லா என்ன எடையில் விழுந்தது என்று சொல்வார்கள். கண்ணில் படாத வழி பாசன மதகு. வயலுக்குத் தண்ணீர் விடும்போது விரல் நீளக் குஞ்சுகள் மதகு வழியே நழுவி, கால்வாயில் போய், வாய்க்காலில் பிரிந்து, கடைசியில் யாரோ ஒருவருடைய வயலோரக் குட்டைக்குள் குடியேறும். அங்கே அது வளர்ந்தது தெரியவே இரண்டு வருஷம் ஆகும்.

வெள்ளத்தில் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்தால் அதுவும் தப்பு. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் மீது க்ளென் கேன்யன் அணை இருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் பவல் ஏரியில் தூண்டில்காரர்களுக்குப் பிடித்த ஸ்மால்மௌத் பாஸ் மீன் பல காலமாக உண்டு. அணை உயரம், மின்நிலையக் குழாய் ஆழத்தில் இருக்கிறது, மீன் மேலே சூடான தண்ணீரில் இருக்கிறது, ஆகவே கீழே போகாது என்ற நம்பிக்கையில் காலம் ஓடியது. வறட்சியில் ஏரி வரலாறு காணாத அளவுக்கு இறங்கியது. மேல்மட்டத்துச் சூடான தண்ணீர், மீனோடு சேர்ந்து, குழாயின் வாய்க்கே வந்துவிட்டது. 2022-ல் அணைக்குக் கீழே பாஸ் குஞ்சுகள் கிடைத்தன. தப்பி வந்த மீன் அங்கே முட்டையிட்டுப் பெருகவும் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குக் கீழேதான், கொலராடோ ஆற்றுப் படுகையைத் தவிர வேறெங்கும் கிடைக்காத ஹம்ப்பேக் சப் என்கிற கூன்முதுகு மீனைக் காப்பாற்றப் பல வருஷமாகப் போராடிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது வாளையாரை ஏப்ரல், மே மாதங்களில் நினைத்துப் பாருங்கள். பாளம் பாளமாக வெடித்த அடித்தரை. நடுவில் கொஞ்சம் தண்ணீர். அணை முழுக்கப் பரவிக் கிடந்த மீனெல்லாம் மதகுப் பக்கம் குவிந்து நிற்கும். கீழே ஆற்றிலும் அதே கதைதான். ஓட்டம் நின்று, அங்கங்கே மடுவும் தடுப்பணைத் தேக்கமுமாக ஆறு துண்டு துண்டாகிக் கிடக்கும். ஆரல், அயிரை, பரல் எல்லாம் அந்த மடுவில்தான் அடுத்த மழை வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதில் வெறும் பத்து வேட்டை மீன் இறங்கினால் போதும், அங்கே தப்பி ஓட இடமே இல்லை. ஜூனில் இடவப்பாதி மழை இறங்கியதும் நிலைமை தலைகீழ். முதல் வெள்ளத்தில் சினை மீன்கள் எதிரேறி ஓடைக்கும் வயலுக்கும் முட்டையிடப் போகும். மலையாளத்தில் ஊத்த என்பது இதைத்தான். நாட்டு மீன் ஏறுகிற வழியில் வந்தேறி மீனும் ஏறும். கீழே போன மீன் கீழேயே இருந்துவிடும் என்று யாரும் எழுதித் தர முடியாது.

பனாமாவில் நடந்ததைப் பார்த்தால் தூக்கம் வராது. 1967-ல் பீக்காக் பாஸ் என்ற தென்னமெரிக்க மீன், பளபளவென்று மஞ்சளும் பச்சையுமாக இருக்கும், தூண்டிலில் கொக்கி மாட்டினால் குதித்துச் சண்டை போடும், ஒரு தனியார் குளத்திலிருந்து சாக்ரெஸ் ஆற்றுக்குள் தப்பியது. ஆற்றின் வழியே காட்டூன் ஏரிக்குப் போனது. 1973-ல் சாரெட், பெய்ன் என்ற இருவர் சயின்ஸ் இதழில் எழுதியபோது, அது பரவிய பகுதிகளில் முன்பு மலிந்து கிடந்த சிறு மீன் இனங்களில் பெரும்பாலானவை இல்லை. மீனை நம்பியிருந்த பறவைகளும் குறைந்தன. கொசுப் புழுவைத் தின்னும் மீன் போனதால் மலேரியா பற்றிய கவலை வேறு. சரி, காலப்போக்கில் எல்லாம் சமநிலைக்கு வந்திருக்கும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். 45 வருஷம் கழித்து வேறொரு குழு அதே இடங்களில் மறுபடி வலை போட்டுப் பார்த்தது. மீளவில்லை. ஒரு குளத்து மீன் தப்பியதற்கு ஒரு தலைமுறை கழிந்தும் பரிகாரம் இல்லை.

“அதெல்லாம் வெளிநாட்டு மீன். நம் நாட்டு மீனையே விட்டால் என்ன?” இந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத் தெரியும். காவிரியில் நடந்ததைக் கேளுங்கள்.

காவிரியில் ஒரு மஹ்சீர் உண்டு. கூன்முதுகு மஹ்சீர் என்பார்கள். முதுகு உப்பி, துடுப்பு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். 1946-ல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினியில் பிடித்தது 120 பவுண்டு, நம் கணக்கில் 54 கிலோ. உலகத்துத் தூண்டில்காரர்கள் எல்லாம் கனவு கண்ட மீன் அது. அது குறைந்து வருவது தெரிந்ததும் நல்ல எண்ணத்தோடுதான் ஆற்றில் மஹ்சீர் குஞ்சு விட்டார்கள். ஆனால் விட்டது வேறு இனம். மகாராஷ்டிர லோனாவாலாவில் டாட்டா பவர் பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மஹ்சீர், டோர் குத்ரீ. கிருஷ்ணா ஆற்றுப் படுகையிலிருந்து முதன்முதலில் விவரிக்கப்பட்ட இனம். காவிரிக் கரையில் காலிபோர் தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் எழுதி வைத்த பிடிகணக்கை ஏட்ரியன் பிண்டரும் ராகவனும் கூட்டாளிகளும் எடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் பிடிபட்ட மீன் எண்ணிக்கை கூடியிருந்தது. பார்த்தவர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் கூடியதெல்லாம் நீலத்துடுப்பு. கூன்முதுகு வருஷத்துக்கு வருஷம் சரிந்து, கடைசி வருஷங்களில் அதன் இளம் மீன்கள் அபூர்வமாகவே சிக்கின. திட்டம் வெற்றி என்று பதிவேடு சொன்னது, காப்பாற்ற நினைத்த மீன் போய்க்கொண்டிருந்தது.

இதில் நம் பக்கத்து ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அந்தக் கூன்முதுகு மஹ்சீருக்கு அறிவியல் பெயரே 2018-ல்தான் உறுதியானது. டோர் ரெமாதேவி. அந்தப் பெயரில் 2011-ல் குருப்பும் ராதாகிருஷ்ணனும் விவரித்த மீன் எங்கிருந்து வந்தது தெரியுமா? இடுக்கியிலிருந்து. மறையூர், சின்னார் வழியாக அமராவதிக்கு வரும் பாம்பாற்று மீன் அது. பல பத்தாண்டு காலம் உலகமே தேடிப் போன மீன் எது என்றே தெரியாமல் அதன் ஆற்றில் இன்னொன்றை விட்டுக்கொண்டிருந்தோம். 2018-ல் அது அழிவின் உச்ச விளிம்பில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. வாளையாற்றின் மேல் ஓடைகளிலும் பாரதப்புழையின் மலைக் கிளைகளிலும் இன்னும் சரியாக இனம் காணப்படாத எதுவும் இல்லை என்று யார் நெஞ்சைத் தொட்டுச் சொல்வார்கள்?

இடுக்கியில் இன்னொரு கதையும் உண்டு, மூணாறு டிரவுட். தோட்டத் துரைமார் தூண்டில் போடுவதற்காக மலை ஓடைகளில் விட்டு, ராஜமலையில் பொரிப்பகமும் வைத்தார்கள். அதற்கு முன்பே நீலகிரியில் பிரான்சிஸ் டே 1863-லிருந்து முயன்று தோற்று, வில்சன் என்பவர் அவலாஞ்சியில் 1907 வாக்கில் ஜெயித்தார். மேலே இருந்த நாட்டு மீன் என்ன ஆயிற்று என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ஆனால் டிரவுட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், மலையிறங்கினால் பிழைக்காது. அதனால் ஓடை வெயிலில் சூடாகிற இடமே அதற்கு வேலி. வாளையாரின் பாலக்காட்டுச் சூட்டில் வளர்கிற மீனுக்கு அந்த வேலி இல்லை. பீக்காக் பாஸோ, நட்டரோ, ஆப்பிரிக்கக் கெளுத்தியோ, கடல் வரைக்கும் அவற்றுக்கு இதமான தண்ணீர்தான்.

மீன்குஞ்சு விடுவதையே நிறுத்து என்று நான் சொல்லவில்லை. பாலக்காட்டு அணைகளில் பட்டியல் இன, பழங்குடி மீனவர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் கட்லாவையும் ரோகுவையும் நம்பித்தான் இருக்கின்றன. எல்லைக்கு இந்தப் பக்கம் ஆழியாற்றில் பாரக்பூர் மத்திய உள்நாட்டு மீன்வள நிறுவனத்தின் வழிகாட்டலில் முறையாகக் குஞ்சு விட்டு விளைச்சலைப் பல மடங்கு ஏற்றிக் காட்டினார்கள். கட்லாவும் கங்கைக்காரன்தான், நம்மூர்க்காரன் இல்லை. ஆனால் அது தேங்கிய தண்ணீரில் லேசில் முட்டையிடாது. அதனால்தான் வருஷா வருஷம் விட வேண்டியிருக்கிறது. விடுவதை நிறுத்தினால் சில வருஷத்தில் குறைந்துவிடும். வேட்டை மீன் அப்படியல்ல. ஒரு முறை காலூன்றினால் தானே பெருகும். அது முதலில் தின்பதும் சங்கம் காசு போட்டு விட்ட கட்லாக் குஞ்சைத்தான். சனிக்கிழமை வந்து போகிறவருக்கு ஒரு போட்டோ, சங்கத்துக்காரருக்கு வலையில் காற்று.

வழி தவறி வந்த மீன் ஒரு அணையையே பிடித்துக்கொண்டதற்கு இந்தியாவிலேயே பெயர் போன உதாரணம் இமாசலத்தின் கோவிந்த் சாகர். 1971 வெள்ளத்தில் தேவ்லி மீன் பண்ணையிலிருந்து வெள்ளிக் கெண்டை அடித்துக்கொண்டு போய் அணைக்குள் விழுந்தது. யாரும் திட்டமிட்டு விடவில்லை. நாளடைவில் கட்லா ஒதுங்கி, அணையின் முக்கிய மீனே வெள்ளிக் கெண்டை என்றானது. அதாவது ஒரு பண்ணை, ஒரு மழை. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

இன்னொரு வழியில் வருகிற ஆபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மீன்குஞ்சு வருவது ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பையில். கரைக்குக் கொண்டுவந்து, பையைக் கொஞ்ச நேரம் அணைத்தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் வாயைப் பிரித்துச் சாய்ப்பார்கள். உள்ளே இருக்கிற ஆயிரக்கணக்கான குஞ்சும் அரை விரல் நீளம். சாம்பல் நிறம், கறுப்புக் கண், துடிக்கிற வால். அதில் நாலு ஜிலேபிக் குஞ்சோ, கெளுத்திக் குஞ்சோ கலந்திருந்தால் யார் கண்டுபிடிப்பது? விழா மேடையில் கைதட்டுகிற நேரத்தில் யாரும் வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பொறுக்கிப் பார்ப்பதில்லை. 1952-ல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபிக் கெண்டை இன்று இல்லாத குளம் எது? தாய் வாயிலேயே முட்டையை வைத்துக் காக்கிற மீன் அது, ஒன்று போனாலும் ஒரு கூட்டமே போன மாதிரி. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கக் கூடாது என்று மத்திய அரசு 1997-லேயே உத்தரவு போட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் பிறகு கண்டித்தது. இன்றும் சந்தையில் உயிரோடு துள்ளுகிறது. ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகிற அந்த மீன், கேரளத்து முஷிக்கு நேர்ப் போட்டி.

“வலை போட்டு அடைத்துவிடலாம்” என்கிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஹைலைன் ஏரியின் வழிமுகத்தில் 1999-லேயே தடுப்பு வலை கட்டினார்கள். ஆனால் அதற்கு ஆள் வைத்து, பாசி சுரண்டி, கிழிசல் தைத்து, வருஷா வருஷம் செலவு செய்ய வேண்டியிருந்தது. இங்கே நள்ளிரவில் நீர்மட்டம் எகிறி, கலெக்டர் அனுமதி வாங்கி ஷட்டரை உயர்த்துகிற நேரத்தில், மரக்கட்டையும் ஆகாயத்தாமரையும் வந்து மோதுகிற வலையை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? அணையைக் காப்பாற்ற முதலில் அறுத்தெறிவது அந்த வலையைத்தான். அறுக்கத்தான் வேண்டும். கீழே மனிதர்கள் இருக்கிறார்கள். மேலும், பெரிய மீனை நிறுத்துகிற கண் அளவு குஞ்சை நிறுத்தாது. குஞ்சை நிறுத்துகிற கண் அளவு இரண்டு மணி நேரத்தில் குப்பையில் அடைத்துக்கொள்ளும்.

ஆகவே யாராவது திட்டம் கொண்டுவந்தால் காகிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். மீன் விடுவதற்கு முன், அணைக்குள்ளும் அணைக்குக் கீழே பறளி வரையிலும், கோடையிலும் மழையிலும் வலை போட்டு எடுத்த கணக்கு. விடப்போகிற மீன் இந்தத் தண்ணீரில் தானே முட்டையிடுமா என்பதற்கு நேரான பதில். முட்டையிடாத, மலடாக்கிய மீன் என்றால் அதை யார் எப்படிச் சோதித்தார்கள் என்ற சான்று. விட்ட பிறகு வெற்றியை எதை வைத்து அளப்பார்கள்? தூண்டில்காரரின் போட்டோவும் எடையும் மட்டும் என்றால் அது அளவீடு ஆகாது. காவிரியில் அந்தக் கணக்கு எப்படி ஏமாற்றியது என்று பார்த்தோம். பிடிபட்ட மீனின் வயிற்றைக் கீறி உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அடையாளம் குத்தி விட்ட மீன் ஒன்றாவது கல்பாத்தியில் கிடைத்தால் அன்றே நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்துகிற அதிகாரம் யாருக்கு என்று பெயர் எழுதியிருக்க வேண்டும். வெளிநாட்டு நீர்வாழ் உயிரினத்தை உள்ளே கொண்டுவருவதை ஆராய மத்திய அரசில் தேசியக் குழு இருக்கிறது. அதன் அனுமதி இல்லாமல் வெளிநாட்டு மீன் என்ற பேச்சே எழக் கூடாது.

கேரளம் மட்டும் முடிவெடுத்தாலும் போதாது. வாளையாற்றின் தலைமாடு எல்லை மலைகளில். அணைத் தண்ணீர் நிறைந்தால் தமிழ்நாட்டுப் பக்கமும் ஏறி நிற்கும். அங்கே கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர் கோவைக்காரர். ஆழியாறோ நேர் எதிர். தமிழ்நாட்டில் தேங்கி, எல்லை தாண்டிச் சித்தூர்ப் புழை வழியாக அதே பாரதப்புழைக்குப் போகிறது. பொள்ளாச்சிப் பக்கம் ஒருவர் விடுகிற மீன் ஒற்றப்பாலத்தில் முளைக்கும். தண்ணீர்ப் பங்கீட்டுக்கு இரண்டு மாநிலமும் எத்தனை முறை உட்கார்ந்து பேசியிருக்கின்றன! மீனுக்கு ஒரு முறை பேசினாலும் புண்ணியம்.

உங்களுக்கும் எனக்கும் சில வேலை உண்டு. தொட்டியில் பெரிதாகிவிட்ட மீனை, பாவம் என்று அணையிலோ ஆற்றிலோ விடாதீர்கள். அது கருணை ஆகாது. வளர்க்க முடியாவிட்டால் வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள். தூண்டிலுக்கு உயிர் இரை கொண்டுபோனால் மிச்சத்தைத் தண்ணீரில் கொட்டாதீர்கள். பார்த்தே இராத மீன் சிக்கினால், முதலை வாய், பல்வரிசை, மீசை, விநோதப் புள்ளி எதுவாக இருந்தாலும், வெறும் விளையாட்டுக்காகப் பிடிக்கிறவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல முத்தம் கொடுத்துத் திரும்ப விடாதீர்கள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துத் தலை, துடுப்பு, வால் தெரிய படம் எடுங்கள். பிடித்த இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். மீனை ஐஸில் போட்டு, கேரளப் பக்கம் என்றால் மீன்வளத் துறையின் மத்ஸ்யபவனிலும், தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலும் கொடுங்கள். ஷட்டர் திறந்த மறுநாள் அணைக்குக் கீழே வலை போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். தப்பி வருகிற முதல் மீனைப் பார்க்கப்போவது அவர்கள்தான்.